ஸ்நேக் பிளான்ட்டுக்கு எண்ணெய் பூசலாமா?

கேள்வி: எங்கள் ஹாலில் 4 வருடமாக ஒரு ஸ்நேக் பிளான்ட் இருக்கிறது. இலையில் தூசி படிந்து மங்கிப்போனதால், யாரோ சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். ஒரு வாரம் பளபளப்பாக இருந்தது. இப்போது முன்பைவிட அதிகமாகத் தூசி ஒட்டுகிறது, இரண்டு இலைகள் அடியில் கொழகொழத்துச் சாய்ந்தும் விட்டன. வெயில் அதிகம் என்று இந்தக் கோடையில் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். எண்ணெயால்தான் அழுகுகிறதா?
- தாம்பரம் வாசகி

பதில்: எண்ணெய் பூசியது தப்புதான். ஆனால் இலையை அழுக வைத்தது அந்த ஒரு டம்ளர் தண்ணீர். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடி தடித்த இலையிலும் மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வில்லுக்கு நாண் திரிக்க நார் எடுத்தார்களே, நம் ஊர் மருள், அது இதற்கு நெருங்கிய சொந்தம். மருளுக்கு யாராவது தினமும் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறீர்களா?

இன்றைக்கே செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து மண்ணை உதறுங்கள். கெட்டியாக இருக்கும் வேர் நல்ல வேர். பழுப்பாகி, நசுங்கி, நாற்றம் அடிப்பதையும் கொழகொழத்த இலைகளையும் சுத்தமான கத்தியால் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். அப்புறம் பாதிக்குப் பாதி மணல் கலந்த புது மண்ணில், அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் நடுங்கள். ஒரு வாரம் தண்ணீரே வேண்டாம். அதன் பிறகும் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். கோடையில் 10, 15 நாளுக்கு ஒரு தடவை வரும், மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவைகூடப் போதும். இலைக் கொத்தின் நடுவில் ஊற்றாதீர்கள், கீழ்த்தட்டில் தேங்கும் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள்.

சரி, அந்த எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் நாலைந்து சொட்டு விட்டு, பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, ஒரு கையால் இலையின் பின்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு அடியிலிருந்து நுனிவரை துடையுங்கள். தாங்காமல் இழுத்தால் இலை மடங்கிவிடும், மடங்கிய இடம் திரும்பச் சேராது. பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் இன்னொரு முறை. இனிமேல் 2, 3 வாரத்துக்கு ஒரு தடவை ஈரத்துணி மட்டும் போதும். பால், வாழைப்பழத் தோல் எதுவும் வேண்டாம். இலை மூச்சுவிடும் துளைகளை எண்ணெய் அடைக்கும், பால் வீச்சமடித்து எறும்பைக் கூப்பிடும். போர் தண்ணீரால் வெள்ளைத் திட்டு விழுந்தால் மழைத் தண்ணீரோ ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ பிடித்துத் துடையுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம், அதைச் செடிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இலை இடுக்கில் பஞ்சு மாதிரி இருந்து தொட்டால் பிசுபிசுத்தால் அது உப்பில்லை, மாவுப்பூச்சி. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தெடுங்கள்.

கேள்வி: படுக்கையறையில் வைத்தால் ராத்திரி முழுக்க ஆக்சிஜன் தருமாமே?
- மதுரை வாசகர்

பதில்: இந்தச் செடி ராத்திரியில் இலைத் துளையைத் திறந்து கரியமில வாயுவை இழுத்து வைத்துக்கொள்ளும், அது உண்மை. ஆனால் ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும். காற்றைச் சுத்தம் செய்யும் என்றும் 1989-இல் வந்த நாசா ஆய்வைக் காட்டி விற்கிறார்கள். அது மூடிய சிறு பெட்டிக்குள் செய்த சோதனை, கதவும் ஜன்னலும் உள்ள வீட்டுக்குப் பொருந்தாது. நல்ல காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள். செடியைப் பிடித்திருந்தால் தாராளமாகப் படுக்கையறையில் வைக்கலாம். பூனை, நாய் இருந்தால் மட்டும் எட்டாத உயரத்தில். கடித்தால் வாந்தி எடுக்கும்.

கேள்வி: மஞ்சள் ஓரம் உள்ள இலையை வெட்டி நட்டேன். வந்த கன்று முழுப் பச்சை. மண் சரியில்லையா?
- திருச்சி வாசகி

பதில்: மண்ணின் மேல் குற்றமில்லை. இலையிலிருந்து வரும் கன்றுக்கு அந்த மஞ்சள் ஓரம் வராது. மஞ்சள் ஓரத்தோடு வேண்டுமென்றால் தாய்ச் செடியின் பக்கத்தில் முளைக்கும் கன்றைக் கிழங்கோடும் வேரோடும் பிரித்து நடுங்கள்.