எஸ் எப்போது, நோ எப்போது? கேள்வி பதில்

கேள்வி: 'ஹி கோஸ்' என்பதற்கு எதிர்மறை 'ஹி டஸ்ன்ட் கோஸ்' தானே சார்?

பதில்: இல்லை தம்பி, 'ஹி டஸ்ன்ட் கோ'. 'டஸ்' வந்தபோதே அந்த 'ஸ்' அதற்குள் வந்துவிட்டது. 'டிட்'டும் அப்படித்தான். 'ஐ டிட்ன்ட் கோ' சரி, 'டிட்ன்ட் வென்ட்' தவறு. கேள்வியிலும் 'டிட் யூ கோ?' என்றே வரும்.

கேள்வி: 'இஸ்', 'கேன்' இருந்தால்?

பதில்: பின்னாலேயே 'நாட்' போடுங்கள். 'டூ' வேண்டாம்.

கேள்வி: இன்டர்வியூவில் 'டோன்ட் யூ ஹாவ் எனி எக்ஸ்பீரியன்ஸ்?' என்று கேட்டார்கள். அனுபவம் இல்லை என்பதால் 'எஸ் சார்' என்றேன். உடனே எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டார்கள். ஏன்?

பதில்: நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்கள்கூட தடுமாறும் இடம் இது. 'அனுபவம் இல்லையா?' என்றால் நாம் 'ஆமாம், இல்லை' என்போம். நம் 'ஆமாம்', கேட்டவர் நினைத்தது சரி என்று சொல்கிறது. ஜப்பானிய மொழியிலும் இதே வழக்கம்தான். ஆங்கிலத்திலோ கேள்வி எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் உண்மை நிலவரத்துக்குத்தான் பதில். அனுபவம் இருந்தால் 'எஸ், ஐ டூ'. இல்லையென்றால் 'நோ, ஐ டோன்ட்'. 'எஸ், ஐ டோன்ட்' என்று சேராது.

வாயைத் திறக்கும் முன் முழு வாக்கியத்தையும் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். அதில் 'நாட்' வந்தால் 'நோ'வில் தொடங்குங்கள். வெறும் 'எஸ்', 'நோ'வோடு நிறுத்தாமல் 'ஐ டூ', 'ஐ டோன்ட்' என்ற வாலையும் சேர்த்துச் சொல்வது நல்லது. அப்போது குழப்பத்துக்கே இடமில்லை. இன்னொன்று, எதிர்மறைக் கேள்வியை மறுத்து 'இருக்கிறதே!' என்று சொல்ல பிரெஞ்சில் 'சி', ஜெர்மனில் 'டோஹ்' எனத் தனிச் சொல்லே உண்டு. ஆங்கிலத்தில் அந்த வேலையையும் 'எஸ்'தான் பார்க்கிறது.

கேள்வி: பஸ்ஸில் ஒருவர் 'டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?' என்றார். உட்காரட்டும் என்று 'எஸ்' சொன்னேன். தயங்கி நின்றுவிட்டார்.

பதில்: உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்றுதான் அவர் கேட்டார். 'நோ, நாட் அட் ஆல்' என்றிருந்தால் உட்கார்ந்திருப்பார்.

கேள்வி: 'மஸ்ட் நாட்', 'டோன்ட் ஹாவ் டு' இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லவே இல்லை. 'யூ மஸ்ட் நாட் கம்' என்றால் வரக்கூடாது. 'யூ டோன்ட் ஹாவ் டு கம்' என்றால் வர வேண்டிய அவசியமில்லை, வந்தாலும் சரி. அலைச்சல் வேண்டாமே என்ற அக்கறையில் உறவுக்காரரிடம் முதல் வாக்கியத்தைச் சொன்னால், அவர் காதில் அது தடையாகத்தான் விழும்.