குளுக்கோஸ் நொதி மின்முனையின் ஆயுளை நீட்டிப்பது எப்படி?

குளுக்கோஸை ஆக்சிஜனேற்றும் நொதி மின்முனையின் (நொதியைப் பொருத்தி, குளுக்கோஸின் அளவை மின்னோட்டமாகக் காட்டும் மின்முனை) மின்னோட்டம் சில நாள்களிலேயே சரிவது ஏன், அதைத் தடுப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நொதி கெட்டுவிட்டது என்றே பலரும் உடனே முடிவுகட்டுகிறார்கள்; ஆனால் நொதியோ, எலக்ட்ரானைக் கடத்தும் இடையீட்டுச் சேர்மமோ மெல்லக் கரைந்து வெளியேறினாலும் அதே சரிவுதான் தெரியும். ஆகவே, மின்முனை மூழ்கியிருந்த கரைசலில் நொதியின் செயல்பாடு தென்படுகிறதா என்று முதலில் சோதியுங்கள். தென்பட்டால், குளுட்டரால்டிஹைடு போன்ற குறுக்குப் பிணைப்பானைக் கொண்டு நொதியைப் பிணைக்கலாம். அதன் அளவு மிஞ்சினால் நொதியே செயலிழக்கும். இடையீட்டுச் சேர்மத்தையும், ஆஸ்மியம் என்ற உலோகத்தின் அணைவுச் சேர்மங்களைப் பலபடிச் (பாலிமர்) சங்கிலியோடு இணைப்பதைப் போல, நிலையாகப் பொருத்திவிட வேண்டும்.

இத்தகைய மின்முனைகளில் பரவலாகப் பயன்படும் நொதியான குளுக்கோஸ் ஆக்சிடேஸில் இன்னொரு சிக்கல் உண்டு: அது ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும்போது உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு நொதியையே சிதைக்கிறது. பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்ற நொதியைச் சேர்க்கலாம் (பெராக்சைடையே அளக்கும் அமைப்புக்கு இது பொருந்தாது). ஆயினும், ஆக்சிஜனை ஏறக்குறையப் பொருட்படுத்தாத, எஃப்ஏடி (FAD) என்ற துணைக்காரணியைச் சார்ந்த குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதிக்கு மாறுவதையே நான் பரிந்துரைப்பேன். மேலே குளுக்கோஸின் ஊடுருவலைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சவ்வைப் பூசி, அடியில் நொதியைத் தேவைக்கு மிகுதியாக வைத்தால், மின்னோட்டத்தை அந்த ஊடுருவலே தீர்மானிக்கும் என்பதால், நொதியில் ஒரு பகுதி செயலிழந்த பின்னும் அளவீடு நிலையாக இருக்கும்.