மூன்று பழைய கார், ஒரே பட்ஜெட்: எதை எடுக்கலாம்?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நான், கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், முட்டிவலியுள்ள மாமியார். கையில் மொத்தம் 4.5 லட்சம்தான். மூன்று பெட்ரோல் வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். 2017 ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ., 71,000 கி.மீ., இரண்டாவது ஓனர், இன்ஷூரன்ஸ் முடிந்துவிட்டது, 4.10 லட்சம். 2018 கிராண்ட் ஐ10 ஸ்போர்ட்ஸ், 38,000 கி.மீ., சிங்கிள் ஓனர், காரைக்கால் நம்பர், 4.25 லட்சம். 2019 வேகன்-ஆர் வி.எக்ஸ்.ஐ., 54,000 கி.மீ., சிங்கிள் ஓனர், வங்கிக் கடன் பாக்கி இருக்கிறது, 4.40 லட்சம். மாதம் 700 கி.மீ. ஓட்டுவோம், வருடம் ஒருமுறை கொடைக்கானல். தம்பி டீசல் ஸ்விஃப்ட்தான் எடுக்கச் சொல்கிறான். எதை எடுக்கலாம்?"

நீங்கள் சொன்ன மூன்று விலையும் உண்மையான விலை இல்லை. வண்டி வீட்டுக்கு வந்து, முதல் ஒரு வருடம் நம்பி ஓட்டும் நிலைக்கு வர எவ்வளவு ஆகுமோ அதுதான் விலை. அதைப் போட்டுப் பார்த்தால் உங்கள் பட்டியலின் வரிசையே மாறிவிடும். அதற்கு முன் தம்பியின் டீசல் யோசனையை முடித்துவிடுவோம்.

மாதம் 700 என்றால் வருடத்துக்கு 8,400 கி.மீ. பெட்ரோல் ஸ்விஃப்ட் ஊருக்குள்ளும் வெளியிலுமாக லிட்டருக்கு 16 கொடுத்தால் 525 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் என்று வைத்தால் 53,000 ரூபாய். டீசல் 20 கொடுத்தால் 420 லிட்டர், சுமார் 39,000. மிச்சம் வருடத்துக்கு 14,000. இன்ஜெக்டரோ டர்போவோ ஒருமுறை மக்கர் செய்தால் அந்த மிச்சமும் போய் அதற்கு மேலும் போகும். பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி 2020 ஏப்ரலில் வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டுவிட்டது. அதனால் இப்போது கிடைக்கும் டீசல் ஸ்விஃப்ட் எல்லாமே அதற்கு முந்தையவை, பெரும்பாலும் நிறைய ஓடியவை. பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று சின்னச் சின்ன ஓட்டத்துக்கு டீசல் தேவையே இல்லை. தம்பிக்குத் தினமும் நூறு கிலோமீட்டர் வேலை இருந்தால் அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

சரி, மூன்று வண்டிகளுக்கு வருவோம்.

ஸ்விஃப்ட் ஓட்டுகிறவருக்கான வண்டி. 1.2 லிட்டர் இன்ஜின் அருமையானது, ஸ்டீயரிங் கைக்கு அடங்கும். ஆனால் உங்களுடையது 2017. புது உடம்பு வந்தது 2018 பிப்ரவரியில், அதாவது இது பழைய உடம்பு. பின்சீட்டில் கால் வைக்க இடம் குறைவு, பின் ஜன்னல் மேலே ஏறிச் சுருங்கியிருப்பதால் பிள்ளைகளுக்கு வெளியே தெரியாது. டிக்கி 204 லிட்டர்தான். இரண்டு பெட்டி வைத்தால் மூன்றாவது மடியில்தான். இளைஞர்கள் விரும்பி வாங்கும் வண்டி என்பதால் முந்தைய ஓனர் எப்படி ஓட்டினார் என்பதும் கேள்வி. ஏர்பேக் விஷயத்திலும் கவனம் வேண்டும். அந்த வருடத்தில் வேரியண்ட்டைப் பொறுத்துத்தான் ஏர்பேக் வரும். ஸ்டீயரிங் நடுவிலும் பயணி பக்கத்து டாஷ்போர்டிலும் எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஐந்து பேர் குடும்பத்துக்கு நான் அந்த வண்டியைப் பரிந்துரைக்க மாட்டேன், விலை எவ்வளவு இறங்கினாலும் சரி.

கிராண்ட் ஐ10 உங்கள் ஊர் வெயிலுக்கு ஏற்ற வண்டி. பின்சீட்டுக்குத் தனி ஏ.சி. வென்ட் உண்டு. மே மாதம் மாமியார் பின்னால் உட்கார்ந்து வரும்போது அதன் அருமை தெரியும். டிக்கி 256 லிட்டர். இருங்காட்டுக்கோட்டையில் தயாரான வண்டி. இதே 1.2 இன்ஜின் அடுத்து வந்த கிராண்ட் ஐ10 நியோஸிலும் இருப்பதால் உதிரிபாகத்துக்கும் கவலை இல்லை. சிக்கல் வண்டியில் இல்லை, நம்பர் பிளேட்டில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேகன்-ஆரை அழகான வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் முட்டிவலி உள்ளவருக்கு இந்த மூன்றில் இதுதான் வண்டி. சீட் உயரமாக இருப்பதால் குனிந்து உள்ளே விழ வேண்டாம், கைப்பிடியைப் பிடித்து மேலே இழுத்து இறங்கவும் வேண்டாம். நாற்காலியில் உட்கார்வதுபோல் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்தால் போதும். டிக்கி 341 லிட்டர். குறை என்றால் அகலம். ஸ்விஃப்ட் 1,695 மி.மீ., கிராண்ட் ஐ10 1,660, இது 1,620. பிள்ளைகள் இருவரும் பெரியவர்களாக வளர்ந்த பிறகு பின்னால் மூவர் நெருக்கித்தான் உட்கார வேண்டும். நெடுஞ்சாலையில் பஸ் பக்கத்தில் கடக்கும்போது வண்டி லேசாக ஆடும், அது அதன் உயரத்தால்.

வேகன்-ஆரில் ஒரு விஷயத்தை நீங்கள் எழுதவில்லை. 2019 வி.எக்ஸ்.ஐ. இரண்டு இன்ஜினில் வந்தது: 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர், 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர். ஆர்.சி.யில் சி.சி. என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 998 என்றால் சின்னது, 1197 என்றால் பெரியது. ஊருக்குள் 998 தாராளமாகப் போதும், தர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸும் குறைவு: 2022-இல் நிர்ணயித்த கட்டணப்படி ஆயிரம் சி.சி.க்குள் 2,094 ரூபாய், அதற்கு மேல் 1,500 சி.சி. வரை 3,416. ஆனால் ஐந்து பேரும் பெட்டிகளுமாக, ஏ.சி. போட்டுக்கொண்டு வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது 998 மூச்சு வாங்கும். ஏ.சி.யை அணைத்துவிட்டு இரண்டாவது கியரில் ஏற மனமிருந்தால் பரவாயில்லை. 4.40 கொடுப்பது என்றால் 1197 ஆக இருக்க வேண்டும். 998 என்றால் விலை நன்றாகவே இறங்க வேண்டும்.

பாதுகாப்பு மதிப்பெண்ணில் எதுவும் பெருமைப்படும்படி இல்லை. கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2019-இல் சோதித்த வேகன்-ஆருக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். உங்கள் ஸ்விஃப்ட்டின் பழைய உடம்பை 2014-இல் ஏர்பேக் இல்லாமல் மோதிப் பார்த்தார்கள், கிடைத்தது பூஜ்யம். இந்த விஷயம் உங்களை உறுத்தினால் 2020 டாடா டியாகோ ஒன்றையும் தேடுங்கள். அந்த வருடத் தொடக்கத்தில் அதற்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது. ஆனால் சீட் தாழ்வு, மாமியாரை ஒருமுறை உட்கார வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இனி கணக்கு. ஸ்விஃப்ட்டில் கேட்கும் விலை 4.10. இன்ஷூரன்ஸ் காலாவதி, ஃபுல் கவர் போட ஏறக்குறைய பத்தாயிரம் ஆகலாம். கிளெய்ம் எதுவும் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது முந்தைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ், உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும். 71,000 கி.மீ. ஆன வண்டிக்குக் கிளட்ச் ஒருமுறை மாறாமல் இருந்தால் சீக்கிரம் மாற்ற வேண்டி வரும், லேபரோடு எட்டு, பத்தாயிரம். டயர் நான்கும் மாற்ற வேண்டியிருந்தால் பதினெட்டாயிரம். 4.10 என்பது 4.48 ஆகிறது. உங்கள் கையில் மிச்சம் இரண்டாயிரம்.

கிராண்ட் ஐ10 காரைக்கால் வண்டி. பி.ஒய். 02 நம்பர் உங்கள் பகுதியில் புதிதல்ல, அங்கே வரி குறைவு என்பதால் வாங்கி இங்கே ஓட்டுகிறவர்கள் நிறைய. ஆனால் வேறு மாநில வண்டி தமிழ்நாட்டில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். வண்டியின் வயதையும் புதிதாக வாங்கியபோது இருந்த விலையையும் வைத்துத்தான் வரி. ஐந்து இலக்கத்தில்தான் வரும். ஆர்.சி. நகலோடு கும்பகோணம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, அந்தத் தொகையை 4.25-இன் கீழ் எழுதிக் கூட்டுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, அப்படியே ஓட்டுங்க" என்று புரோக்கர் சொல்வார். சாலையில் நிறுத்தி விசாரிக்கும்போது அவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

வேகன்-ஆர் 2019 என்பதால் இன்னும் கம்பெனி டயரே இருக்க வாய்ப்பு உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடுகள், நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய ரப்பரை நம்பி பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். டயர், பேட்டரி, ஒரு முழு சர்வீஸ் சேர்த்து முப்பதாயிரம் வையுங்கள். 4.40 அப்போது 4.70 ஆகிவிடுகிறது, பட்ஜெட்டைத் தாண்டிவிட்டது. ஆகவே உங்கள் பேரம் 4.15-இல் தொடங்க வேண்டும், 4.20-க்கு மேல் போகக் கூடாது. டயரின் எண்ணை ஃபோட்டோ எடுத்துக் காட்டிக் கேளுங்கள், சும்மா குறைக்கச் சொன்னால் யாரும் குறைக்க மாட்டார்கள்.

அப்புறம் அந்த 38,000 கி.மீ. ஏழெட்டு வருடத்தில் அவ்வளவு குறைவாக ஓடியிருக்கலாம், ஓடியிருக்காமலும் இருக்கலாம். "டாக்டர் வண்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பாரு" என்ற கதை ஊருக்கு ஊர் உண்டு. மீட்டரைக் குறைப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், ஓட்டுநர் சீட்டின் கதவுப் பக்க ஓரம் அமுங்கித் தளர்ந்திருந்தால், ஸ்டீயரிங்கில் பத்து மணி, இரண்டு மணி இடங்கள் பளபளத்தால் அது 38,000 இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்தால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ் ஆனது என்ற வரலாறு கிடைக்கும். ஓனரையே உடன் அழைத்துப் போங்கள். அவர் வரத் தயங்கினால் அதிலேயே பதில் இருக்கிறது.

அடிபட்ட வண்டியா என்று பார்க்க மெக்கானிக் வரும்வரை காத்திருக்க வேண்டாம், கதவின் ரப்பர் பீடிங் போதும். முன்கதவைத் திறந்து, உடம்பைச் சுற்றியிருக்கும் பீடிங்கை ஓர் இடத்தில் மெல்ல இழுத்தால் கழன்று வரும். உள்ளே தகடு விளிம்பில் ஒரே அளவாக, ஒரே இடைவெளியில் சின்னச் சின்ன வட்டப் பள்ளங்கள் வரிசையாக இருக்க வேண்டும், அவை கம்பெனியில் பற்றவைத்த ஸ்பாட் வெல்டு. நடுவில் பள்ளம் காணாமல் போனாலோ, மேடும் பள்ளமுமாகப் பட்டி பூசியிருந்தாலோ அந்தப் பக்கம் டிங்கரிங் நடந்திருக்கிறது. பானட்டைத் தூக்கி, முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடான ஃபெண்டரை இறுக்கியிருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். பெயிண்ட் உதிர்ந்து ஸ்பானர் பட்ட தழும்பு இருந்தால் அது கழற்றி மாட்டிய ஃபெண்டர். ஃபெண்டர், பம்பர் மாற்றியது தப்பே இல்லை, நம் ஊர்ச் சாலையில் அது சகஜம். கூரையைத் தாங்கும் பில்லரோ, இன்ஜின் பக்கத்து உள்தகடான ஏப்ரனோ தொடப்பட்டிருந்தால் மட்டும் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி இன்னும் மோசம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் கார்கள் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி வண்டிகள் துடைத்துப் பளபளப்பாகி வெளியூர்களுக்குப் போவதுண்டு. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும், அவ்வளவு தூரம் யாரும் கழுவுவதில்லை. சீட்டை மாட்டியிருக்கும் தண்டவாளத்தின் போல்ட்டும் ஸ்டெப்னி வைக்கும் குழியும் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். வயரிங் கெட்டால் இன்று ஓடும், நாளை நிற்கும். யாராலும் சரிசெய்து முடிக்க முடியாது.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு, போனதும் முதலில் பானட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்னாலேயே ஓட்டியிருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நீலப் புகை வரக் கூடாது. வெட்டவெளியில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து மெதுவாக வட்டமடித்தால் 'டக் டக்' சத்தம் கேட்கக் கூடாது, கேட்டால் ஆக்ஸில் ஜாயிண்ட் போயிருக்கிறது. நண்பகலில் ஏ.சி. போட்டு, நின்ற இடத்தில் கால் மணி நேரம் விடுங்கள். நிற்கும்போது குளிர்ச்சி குறைந்து, ஓடும்போது மட்டும் குளிர்ந்தால் செலவு காத்திருக்கிறது. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய் நாலு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள், இதைவிட நல்ல டெஸ்ட் டிரைவ் கிடையாது.

என் தேர்வு, ஆர்.சி.யில் 1197 என்று இருந்து 4.20-க்கு இறங்கினால் வேகன்-ஆர். இறங்காவிட்டால், கிலோமீட்டர் உண்மை என்று சர்வீஸ் வரலாறு சொல்லி, தமிழ்நாட்டு வரியை ஓனர் விலையில் கழித்துக்கொள்ளச் சம்மதித்தால் கிராண்ட் ஐ10. ஸ்விஃப்ட்டை விட்டுவிடுங்கள்.

வேகன்-ஆரில் கடன் பாக்கி இருப்பதால் பணத்தை ஓனர் கையில் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். வங்கியில் கடன் முடிக்கும் தொகைக்குக் கடிதம் வாங்கச் சொல்லி, அந்தத் தொகையை நேராக அவருடைய கடன் கணக்கில் செலுத்துங்கள், மீதியை மட்டும் அவருக்கு. வங்கி தரும் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) படிவம் 35-உம் வந்த பிறகுதான் ஆர்.சி.யில் இருக்கும் ஹைப்போதிகேஷன், அதாவது வங்கியின் அடமானக் குறிப்பு, நீங்கும், அதன்பின் 29, 30 படிவங்களில் பெயர் மாற்றம். படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். பரிவாஹன் என்ற அரசுப் போக்குவரத்துத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள், பாக்கி அபராதம் இருந்தால் விற்பவரே கட்டட்டும். வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குக் கிளெய்ம் கிடைக்காது. டோக்கன் அட்வான்ஸ் பத்தாயிரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது, வங்கி என்.ஓ.சி. வராவிட்டால் பணம் திரும்ப வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.