தலைவர் முன்னால் எழுதிய கடுதாசி விவாகரத்து ஆகுமா?

கேள்வி: எனக்கு 31 வயது. கொட்டாஞ்சேனையில் போர்டிங்கில் தங்கி, புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் 8 வருடமாக வேலை செய்கிறேன். தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் ஒருவரை விரும்புகிறேன். ஆட்டோ ஓட்டுகிறார். வேலையை விட்டுவிட்டு அவரோடு போய் இருக்க முடிவெடுத்திருக்கிறேன். அவருக்கு 11 வருடத்துக்கு முன் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம் நடந்தது, பதியவில்லை. 9 வயதில் ஒரு மகன் இருக்கிறான். அந்தப் பெண் 6 வருடமாகத் தாய் வீட்டில் இருக்கிறார். தோட்டத் தலைவர் முன்னால் "இனி எங்களுக்குள் சம்பந்தமில்லை" என்று இருவரும் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். "பதியாத கல்யாணம்தானே, வா, நாம் பதிந்துகொள்வோம்" என்கிறார். என் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுத்து, அவர் அம்மா இருக்கும் லயக் காம்பராவுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறைக்கு) பின்னால் ஒரு அறை கட்டலாம் என்று யோசனை. இதில் பிரச்சினை வருமா?

பதில்: சகோதரி, பஸ் ஏறுவதற்கு முன்னால் எழுதினீர்களே, அதற்கே எனக்குச் சந்தோஷம். போய் இரண்டு மூன்று வருடம் கழித்து, கையில் பிள்ளையோடு வந்து இதே கேள்வியைக் கேட்கிறவர்கள்தான் அதிகம்.

முதலில் அந்தக் கடுதாசி. அது விவாகரத்து இல்லை. நம் இலங்கையில் பொதுச் சட்டப்படி நடந்த ஒரு கல்யாணத்தை மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்புதான் கலைக்கும். தோட்டத் தலைவரோ பொலிஸோ கோயில் பெரியவர்களோ அதைச் செய்ய முடியாது. முத்திரை ஒட்டி எழுதியிருந்தாலும் அப்படித்தான். ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாக விட்டுப்போகும் என்று லயத்துப் பக்கம் சொல்வார்கள், அதுவும் சரியில்லை. இருவரும் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போய்க் கையெழுத்து வைத்தால் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால், அது கண்டியச் சட்டத்தின் கீழ் மணந்த சிங்களவர்களுக்கு உள்ள வழி. பக்கத்துக் கிராமத்தில் பார்த்துவிட்டு நம் ஆட்களும் நம்பிவிடுகிறார்கள். மலையகத் தமிழர்களுக்கு அந்தச் சட்டமும் பொருந்தாது, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் பொருந்தாது. ஆனால் கடுதாசியைக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். இருவரும் எப்போதிலிருந்து பிரிந்திருக்கிறார்கள் என்று காட்ட அது உதவும்.

இனி "பதியாத கல்யாணம்தானே" என்ற பேச்சு. எனக்குப் பயம் தருவது இதுதான். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி பதிவு என்பது கல்யாணம் நடந்ததற்கு மிகச் சிறந்த சாட்சி. பதியவில்லை என்ற ஒரே காரணத்தால் கல்யாணமே இல்லை என்று ஆகிவிடாது. சம்பிரதாயப்படி தாலி கட்டியது நிரூபணமானால் அது செல்லும். அதற்குச் சாட்சி கிடைக்காவிட்டாலும், ஊரார் புருஷன் பெண்சாதி என்று ஏற்று, இருவரும் அப்படியே வாழ்ந்திருந்தால், கல்யாணம் நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

அவரிடம் ஒரு பத்திரம் கேளுங்கள்: மகனின் பிறப்புச் சான்றிதழ். அதில் "பெற்றோர் விவாகம் செய்தவர்களா?" என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே "ஆம்" என்று எழுதி, கோயில் பெயரும் தேதியும் போட்டிருந்தால், எழுதக் கொடுத்தது பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும். கல்யாண ஆல்பம், அழைப்பிதழ், மேளக்காரருக்குக் கொடுத்த ரசீது எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு வழக்கில் அந்த ஒற்றைக் கட்டத்தை நீதிபதி வாசித்துக் காட்டியதும், "எனக்குக் கல்யாணமே ஆகவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த நிலையில் நீங்கள் இருவரும் பதிந்தால், முதல் கல்யாணம் நிரூபணமாகும் நாளில் உங்கள் பதிவு செல்லாததாகிவிடும். முந்தைய மணம் சட்டப்படி கலையாமல் செய்த மணம் மணமே இல்லை. அவர் மேல் இருதார மணக் குற்றம் வரும். விவாக அறிவித்தலில் மணமாகாதவர் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அது தனிக் குற்றம். அவர் உயில் எழுதாமல் கண்ணை மூடினால் மனைவி என்ற முறையில் உங்களுக்குப் பங்கு இல்லை. உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் தகப்பன் சொத்தில் பங்கு வராது.

ஆகவே அவர்தான் முதலில் வழக்குப் போட வேண்டும். இன்றைய சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணம் மூன்றுதான்: பிறர்மனை உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், மணம் நடந்த நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைபாடு அல்லது அதற்கு ஒப்பான இயலாமை. இருவருக்கும் சம்மதம் என்பது காரணம் ஆகாது. அந்தப் பெண் விட்டுப் போனார் என்றால் கைவிட்டுப் போதல் என்று கேட்கலாம். ஆனால் நீங்கள் இப்போதே போய் அவரோடு குடியிருந்தால் என்ன ஆகும்? "என்னை விரட்டிவிட்டு வேறொரு பெண்ணை வைத்திருக்கிறார்" என்று அந்தப் பெண் மறுப்புப் போடுவார். உங்களையும் வழக்கில் எதிராளியாகச் சேர்க்கலாம். வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றம் இல்லை, அதற்காகப் பொலிஸ் உங்களைப் பிடிக்கவும் முடியாது. ஆனால் அவர் வழக்கைக் கெடுப்பது நீங்களாகிவிடுவீர்கள். தீர்ப்பு வந்து, அது மூன்று மாதத்துக்குப் பிறகு இறுதித் தீர்ப்பாகும் வரை கொட்டாஞ்சேனையிலேயே இருங்கள் என்பதுதான் என் கருத்து. இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

காசு விஷயம். ஈ.பி.எஃப். பணத்தை ஒரு பெண் சாதாரணமாக 50 வயதில்தான் எடுக்கலாம். கல்யாணத்துக்காக வேலையை விட்டால் முன்னதாகவே எடுக்கலாம், ஆனால் விவாகச் சான்றிதழ் கேட்பார்கள். இப்போது விட்டால் அந்தக் காசு கைக்கு வராது. கடையில் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் சேரும். கடைசிச் சம்பளம் 48,000 ரூபா என்றால் 8 வருடத்துக்கு 192,000 ரூபா. நீங்களாக விலகினாலும் உரிமை உண்டு, 30 நாளுக்குள் தர வேண்டும். முதலாளி வாயால் சொல்வதை நம்பாமல் எழுத்தில் கேளுங்கள்.

அந்த அறையை மட்டும் தயவுசெய்து கட்ட வேண்டாம். லயம் அவர் அம்மாவின் சொத்து இல்லை, தோட்டத்துடையது. அதில் குடியிருப்பதே வேலையோடு ஒட்டியது. அனுமதி இல்லாமல் எழுப்பிய சுவரைத் தோட்ட நிர்வாகம் இடிக்கச் சொன்னால் உங்கள் காசுக்கு யாரிடம் கேட்பீர்கள்? 7 பேர்ச் காணியில் வீடு கிடைத்தாலும், காணி உறுதிப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு மூட்டை சீமெந்துகூட வாங்காதீர்கள்.

இன்னொன்று, மகனுக்குப் பராமரிப்புக் கொடுக்க வேண்டியது 1999ஆம் ஆண்டின் சட்டப்படி அவர் கடமை. மாதச் செலவுக் கணக்கில் அதையும் போடுங்கள். அது அந்தப் பிள்ளையின் பங்கு.

இவ்வளவுக்கும் பிறகு போகத்தான் போகிறீர்கள் என்றால், வங்கிப் புத்தகத்தையும் நகையையும் உங்கள் பெயரிலேயே வைத்திருங்கள். பிள்ளை பிறந்தால் பதிவாளர் முன் இருவரும் கையெழுத்து வைத்தால்தான் தகப்பன் பெயர் ஏறும். அடிதடி என்று வந்தால், 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பதிவு இல்லாமல் சேர்ந்து வாழ்கிறவர்களையும் காக்கும். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று அவர் சொன்னால், சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே உதவி உண்டு. போகும்போது அந்தக் கடுதாசியையும், பிரதேச செயலகத்தில் எடுத்த மகனின் பிறப்புச் சான்றிதழ் நகலையும் கையோடு கொண்டுபோகட்டும். அவர் வழக்குப் போட்டதும் வழக்கு இலக்கத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இலக்கம் உங்கள் கைக்கு வரும் வரை கடையில் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம்.