கபாலபாதி செய்தால் விரல் மரத்துப் போகிறது: தொடரலாமா?

கேள்வி: எனக்கு வயது 57. மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். ஆறு வருடமாக பிபிக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று நாள் மூச்சுப் பயிற்சி முகாம் போட்டார்கள். வேகமாகக் கபாலபாதி செய்தபோது தலை கிறுகிறுத்தது. இரண்டு கை விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் ஒரே மரமரப்பு; கட்டை விரல் உள்பக்கமாக மடங்கிக்கொண்டது. “உடம்பில் இருக்கிற கழிவு வெளியேறுது, நிறுத்தாதீங்க” என்றார் பயிற்சியாளர். முதல் நாளே மாத்திரையை நிறுத்தச் சொன்னார். மூன்றாம் நாள் பிபி பார்த்தபோது நார்மலாகத்தான் இருந்தது. அடுத்த கட்டப் பயிற்சிக்கு 6,500 ரூபாய் கட்டிவிட்டேன். தொடரலாமா? இதயத்தில் ஏதாவது கோளாறா? இரவில் கண் பிரஷருக்குச் சொட்டு மருந்து விடுகிறேன். மற்றபடி வேறு நோய் இல்லை.

பதில்: அம்மா, முதலில் மாத்திரையைப் பேசிவிடுவோம். மற்றது எல்லாம் அப்புறம். அதை இன்றைக்கே மறுபடி ஆரம்பியுங்கள். வழக்கமான நேரத்தில், வழக்கம் போல ஒன்று. விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். இந்த வாரத்துக்குள் உங்கள் டாக்டரைப் பார்த்து, இத்தனை நாள் நிறுத்தியிருந்தேன் என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார், பரவாயில்லை.

மூன்றாம் நாள் பிபி ஏன் நார்மலாக இருந்தது? உங்களை ஏமாற்றியது இதுதான் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். அம்லோடிபின் உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாத மருந்து. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். அந்த முகாமில் உங்கள் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தது முந்தின வாரம் நீங்கள் விழுங்கிய மாத்திரை. கபாலபாதிக்கு அதில் பங்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஒரு வாரம், பத்து நாள் போனால் அழுத்தம் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு ஏறிவிடும். அதற்குள் முகாம் முடிந்து, பேனரைக் கழற்றிக்கொண்டு அவர்கள் அடுத்த குடியிருப்புக்குப் போயிருப்பார்கள். மூன்று நாள் முகாம், முதல் நாளே மாத்திரை நிறுத்தம், மூன்றாம் நாள் பிபி பார்த்துக் கைதட்டல் என்ற இந்த வரிசையை நான் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். சில பிபி மாத்திரைகள் இதைவிட மோசம். திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பு இருந்ததையும் தாண்டி எகிறும். நிறுத்தச் சொல்லும் ஆள் உங்களிடம் மாத்திரையின் பெயரையாவது கேட்டாரா?

சரி, விரல் மரத்த விஷயம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது இதயக் கோளாறு மாதிரி தெரியவில்லை. கழிவு வெளியேறியதும் இல்லை.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 18 தடவை மூச்சு விடுகிறோம். கபாலபாதியில் வயிற்றை உதறி உதறி 60, 80, சில இடங்களில் 100 தடவைகூட வெளியே தள்ளச் சொல்கிறார்கள். அப்போது ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய்விடுகிறது. கரியமில வாயு என்றால் கெட்டது, போனால் நல்லது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் நமக்கு. உண்மையில் அது ரத்தத்தில் ஓர் அளவு இருந்தே ஆக வேண்டும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் எவ்வளவு விரிந்திருக்க வேண்டும் என்பதை முக்கியமாக முடிவு செய்வதே அதுதான். அது குறைந்தால் குழாய்கள் சுருங்கும், மூளைக்குப் போகிற ரத்தம் குறையும். கிறுகிறுப்பு அதனால். அதோடு ரத்தத்தின் காரத்தன்மை ஏறும். நரம்புகளுக்குக் கிடைக்கிற கால்சியம் குறைந்தது போல ஆகும். விரலிலும் உதட்டிலும் மரமரப்பு, கட்டை விரல் மடங்குவது எல்லாம் அந்தக் கணக்கு. பயிற்சியை நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விட்டால் சில நிமிடத்தில் தானாகச் சரியாகும். ஆக, நிறுத்த வேண்டிய நேரத்தில்தான் அந்த ஆள் உங்களை “நிறுத்தாதீங்க” என்று சொல்லியிருக்கிறார்.

சிலருக்கு இதே நேரத்தில் தலை லேசாகி மிதப்பது போல இருக்கும். அதற்குச் சக்தி ஏறுகிறது என்று பெயர் வைத்து, அடுத்த கட்டணத்தை வாங்கிவிடுகிறார்கள்.

அடுத்த தடவை யாருக்காவது இப்படி ஆனால், பழைய சினிமாவில் வருகிற மாதிரி காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சு விடச் சொல்லாதீர்கள். உண்மையிலேயே இதயமோ நுரையீரலோ பிரச்சினை என்றால் அது ஆபத்தில் முடியும். உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்து, நிதானமாக மூச்சு விடச் சொன்னாலே போதும். நெஞ்சை அழுத்துகிற வலி, கையிலோ தாடையிலோ பரவும் வலி, ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, மயங்கி விழுவது என்றால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், 108.

முகாமில் கடைசியில் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டி 99 காட்டியிருப்பார்களே? எல்லா இடத்திலும் காட்டுகிறார்கள். நல்ல நுரையீரல் உள்ளவர் ஈசிச்சேரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலே 97, 98 இருக்கும். ரத்தம் சுமக்கக்கூடிய ஆக்சிஜன் முன்பே ஏறக்குறைய நிரம்பித்தான் இருக்கிறது. இன்னும் ஒரு புள்ளி ஏறினால் உடம்புக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. வேகமாக மூச்சு விட்டு கரியமில வாயுவை விரட்டியவர் உடம்பில் ரத்தம் அந்த ஆக்சிஜனைத் திசுக்களுக்கு இறக்கிக் கொடுப்பதும் கொஞ்சம் குறையும். கருவியில் எண் ஏறுகிறது, மூளைக்குப் போவது குறைகிறது. இதைக் காட்டித்தான் வசூல்.

நான் கபாலபாதிக்கு விரோதி இல்லை. இருபது வருடமாக யோகாவையும் இயற்கை மருத்துவத்தையும் வைத்துத்தான் வைத்தியம் பார்க்கிறேன். பழைய ஹட யோக முறையில் கபாலபாதி பிராணாயாமக் கணக்கிலேயே வராது. உடம்பைச் சுத்தம் செய்யும் ஆறு கிரியைகளில் ஒன்றாகத்தான் அதை வைத்தார்கள். ஆரோக்கியமான இருபது வயதுப் பையன், நல்ல ஆசிரியர் பக்கத்தில் இருக்க, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகலாம். 57 வயதில், பிபியோடு, முதல் நாளே நிமிடத்துக்கு நூறு என்பது அந்தப் பாரம்பரியத்திலும் இல்லை, மருத்துவத்திலும் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவைத்தது கடைசி வரி. கண் பிரஷருக்குச் சொட்டு மருந்து விடுகிறேன், வேறு நோய் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அது நோய்தான். க்ளாக்கோமா, கண் நீரழுத்த நோய் என்பார்கள். பெரும்பாலும் வலிக்காது, ஓரப் பார்வையை ஓசைப்படாமல் தின்றுகொண்டே போகும். போன பார்வை திரும்பாது. வலி இல்லாததால்தான் நம் ஆட்கள் இதை ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. மூச்சை அடக்கி முக்கினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். தலைகீழாக நின்றால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதனால் உங்களுக்குக் கபாலபாதி வேண்டாம், மூச்சை வேகமாக இழுத்து வேகமாக விடும் பஸ்திரிகா வேண்டாம், மூச்சை அடக்கும் கும்பகம் வேண்டாம், சிரசாசனம் பக்கமே போக வேண்டாம். தலையைத் தொங்கப்போட்டு வெகுநேரம் குனிந்து நிற்கிற ஆசனங்களும் வேண்டாம். அடுத்த கட்டப் பயிற்சி என்று அவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் இவைதான்.

இன்னொன்றும் பாருங்கள். கண் பிரஷருக்குக் கொடுக்கிற சொட்டு மருந்துகளில் டிமோலால் என்று ஒன்று உண்டு. கண்ணில் விடுவதுதானே என்று நினைக்கிறோம். அது கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி, அங்கிருந்து ரத்தத்தில் கலந்து, இதயத் துடிப்பைக் குறைக்கும். சிலருக்கு அதனாலேயே தலைசுற்றல் வரும். ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு வரும். உங்கள் பாட்டிலில் இருப்பது அதுவா என்று எனக்குத் தெரியாது, அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும், பாருங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் மெதுவாக இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். உடம்புக்குள் போவது குறையும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒருவருக்கும் நேரமில்லை. பிபி டாக்டருக்குக் கண் மருந்து தெரியாது, கண் டாக்டருக்கு பிபி மாத்திரை தெரியாது, இரண்டு பேருக்கும் நீங்கள் முகாமுக்குப் போனது தெரியாது. நோயாளிதான் மூன்று சீட்டையும் ஒரே மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போக வேண்டியிருக்கிறது.

ஹெர்னியா, கர்ப்பம், வலிப்பு உள்ளவர்களும் வேகமான பயிற்சிகள் பக்கம் போகக் கூடாது. உங்களுக்கு அது பொருந்தாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

கைவிரல் விறைத்துப்போன ஓர் இளைஞரைச் சில வருடம் முன்பு பார்த்தேன். போனில் வீடியோ பார்த்துக்கொண்டு அவராகவே வேகமாகச் செய்திருக்கிறார். வீட்டில் பதறிப்போய் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இசிஜி, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஓர் இரவு ஐசியு. பில் 48,000 ரூபாய். டிஸ்சார்ஜ் சீட்டை என்னிடம் கொண்டுவந்தார். நான்கு பக்கத்தில் எல்லா எண்ணும் நார்மல், கடைசியில் பதற்றம் என்று எழுதியிருந்தது. “கை விறைக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு யாராவது கேட்டாங்களா?” என்றேன். யாரும் கேட்கவில்லை. சந்தேகம் வந்தால் பரிசோதனை செய்யத்தான் வேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. அந்த ஒரு கேள்விக்கு அரை நிமிடம்கூட ஆகாது. அதைக் கேட்காமல் அனுப்பினால் அடுத்த வாரம் அவர் அதே வீடியோவைப் போட்டுக்கொண்டு உட்காருவார். யோகா செய்யலாமா டாக்டர் என்று கேட்டால் “செய்யுங்க, நல்லதுதான்” என்று சீட்டைப் பார்த்தபடியே சொல்வதும் எனக்கு இதே எரிச்சலைத்தான் தருகிறது. எந்தப் பயிற்சி, எத்தனை நிமிடம் என்று சொல்லாத ஆலோசனையால் லாபம் முகாம்காரர்களுக்குத்தான்.

நம் நாட்டில் யோகா சொல்லிக்கொடுக்க உரிமம் எதுவும் தேவையில்லை. மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றிதழ் வாரியம் இருக்கிறது. அதில் சான்றிதழ் வாங்குவது அவரவர் விருப்பம், கட்டாயம் இல்லை. பி.என்.ஒய்.எஸ். என்பது யோகாவுக்கும் இயற்கை மருத்துவத்துக்குமான ஐந்தரை வருட மருத்துவப் படிப்பு. 200 மணி நேரச் சான்றிதழ் என்பது ஒரு மாதத்தில் முடிந்துவிடும். இரண்டையும் ஒரே பேனரில், ஒரே எழுத்து அளவில் போடுகிறார்கள். ஜூன் 21 யோகா தினம் நெருங்கினால் குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு முகாம் வந்து விழும். யாராக இருந்தாலும், பயிற்சிக்கு முன் உங்கள் நோய், மருந்து, அறுவை சிகிச்சை பற்றி ஒரு காகிதத்தில் எழுதி வாங்காதவரிடம் உட்காராதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரிடமும், வகுப்பு முடிந்ததும் பொடியும் லேகியமும் விற்கிறவரிடமும் ஒரு நாள்கூட வேண்டாம். நம்பிக்கையான இடம் வேண்டுமென்றால் அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புறநோயாளிப் பிரிவில் சீட்டு வாங்கிக் காட்டலாம்.

உங்களுக்கு ஏற்றது மெதுவான மூச்சு. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும் வெளியே விடும்போது கொஞ்சம் நிதானமாகவும் துடிக்கும்; மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் பலருக்கு அது தெரியவே தெரியும். வெளிமூச்சை நீட்டினால் அந்த நிதானமும் நீளும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு வரும்போது ரத்த அழுத்தத்தைச் சரிபார்க்கும் உடம்பின் ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது, மனப் பதற்றமும் தணிகிறது. தினமும் தொடர்ந்து செய்கிறவர்களுக்கு பிபி சில புள்ளிகள் குறையலாம். சில புள்ளிகள்தான். மாத்திரைக்குத் துணை, மாற்று இல்லை.

சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆன பிறகு, முதுகு சாயாமல் நாற்காலியிலேயே உட்காருங்கள். தரையில் சம்மணம் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. தொப்புள் மேல் ஒரு கையை வையுங்கள். மூக்கு வழியாக மனதுக்குள் நாலு எண்ணி உள்ளே இழுங்கள், கை லேசாக முன்னே வர வேண்டும். ஆறு எண்ணி வெளியே விடுங்கள். நடுவில் அடக்க வேண்டாம். திருமூலர் 16 மாத்திரை (இங்கே மாத்திரை என்பது கால அளவு) இழுத்து, 64 அடக்கி, 32 விடச் சொன்னாரே என்று யாராவது கணக்குச் சொல்வார்கள். அது வருடக்கணக்கில் சாதகம் செய்தவர்களுக்கு. முகாம் கூட்டத்துக்கு இல்லை. நாலு-ஆறு முட்டினால் மூன்று-நாலு போதும். கிறுகிறுத்தால் நீங்கள் ஆழமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். மூச்சை மெதுவாக்குங்கள், பெரிதாக்க வேண்டாம். காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம். இரண்டு வாரம் பழகிய பிறகு, மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தி, அதுவும் அடக்காமல்.

பிபி மாத்திரை, கண் மருந்து இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கொசுவத்தி புகைகிற அறையில் பயிற்சிக்கு உட்கார வேண்டாம். போகி அன்று மொட்டை மாடிக்கே போக வேண்டாம், அன்றைக்குப் பயிற்சியை விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை.

6,500 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். வாயால் கேட்காமல் எழுத்தில், உங்கள் பிபியையும் கண் நோயையும் காரணமாகக் குறிப்பிட்டு அனுப்புங்கள். பணம் கட்டிய ரசீது, அந்த வாட்ஸ்அப் செய்தி இரண்டையும் அழிக்காமல் வைத்திருங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கண் டாக்டரிடம் அடுத்த தேதி எப்போது என்று எழுதவில்லையே, அதைத் தள்ளிப்போடாமல் போய்வாருங்கள். சொட்டு மருந்து பாட்டிலை அதன் அட்டைப்பெட்டியோடு எடுத்துப் போங்கள்.