தாய்லாந்தில் பெண்கள் ஏன் பிக்குணி ஆக முடிவதில்லை?

தாய்லாந்துக் கோயில்களில் தலையும் புருவமும் மழித்து, வெள்ளை உடுத்திய பெண்களைப் பார்த்துவிட்டு "இவர்களுக்கு ஏன் காவி இல்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் 'மே சீ'. எட்டுச் சீலங்கள் (ஒழுக்க நெறிகள்) காப்பவர்கள், ஆனால் பிக்குணிகளாக, அதாவது முழுத் துறவிகளாகக் கணக்கில்லை.

புத்தர் பெண்களைச் சேர்க்கவில்லையா என்றால், சேர்த்தார். அவரை வளர்த்த சிற்றன்னை மகாபிரஜாபதி கோதமிதான் முதல் பிக்குணி. கூடவே எட்டு விதிகளும் வந்தன. துறவேற்று நூறு ஆண்டு ஆன பிக்குணியும் இன்றைக்குத் துறவேற்ற பிக்குவை (ஆண் துறவியை) வணங்க வேண்டும் என்பது அதில் ஒன்று. (படிக்கும்போதே எரிச்சல் வரும், எனக்கும் வந்தது.)

சிக்கல் இன்னொரு விதியில் இருக்கிறது. ஒரு பெண்ணுக்குத் துறவு கொடுக்க பிக்கு சங்கம், பிக்குணி சங்கம் என்ற இரு துறவியர் குழுக்களும் வேண்டும். இலங்கையும் தாய்லாந்தும் பின்பற்றுவது தேரவாதம் என்ற பௌத்தப் பிரிவு. இலங்கைக்கு அசோகரின் மகள் சங்கமித்தை கொண்டுவந்த பிக்குணி மரபு, 11ஆம் நூற்றாண்டில் சோழர் படையெடுப்புகளை ஒட்டி அற்றுப்போனது. அப்புறம் துறவு கொடுக்க ஆளே இல்லை! தாய்லாந்தில் 1928இல் சங்கத் தலைமை, பெண்களுக்குத் துறவு கொடுக்கக் கூடாது என்று தடை உத்தரவே போட்டது.

சுவாரசியம் என்னவென்றால், 5ஆம் நூற்றாண்டில் இலங்கைப் பிக்குணிகள் கப்பலேறிச் சீனா போய் அங்குள்ள பெண்களுக்குத் துறவு கொடுத்திருந்தார்கள். அந்தக் கிழக்காசிய மரபின் துணையோடுதான் 1996இல் சாரநாத்திலும் 1998இல் புத்தகயாவிலும் இலங்கைப் பெண்கள் மறுபடி பிக்குணி ஆனார்கள். "அது மகாயான (கிழக்காசியாவில் பரவிய இன்னொரு பௌத்தப் பிரிவு) வழி, செல்லாது" என்று தேரவாதப் பிக்குகள் பலர் இன்னும் ஏற்பதில்லை. தாய்லாந்துப் பெண்களோ இலங்கைக்கு வந்து துறவேற்றுத் திரும்புகிறார்கள்.