வயலில் கிடக்கும் போர்

கேள்வி: அமெரிக்கக் குண்டுவீச்சு நின்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. லாவோஸ் தன் வறுமைக்கு இன்னும் அந்தப் போரையே சாக்குச் சொல்வது நியாயமா?

பதில்: நீங்கள் சாக்கு என்று சொல்வது அங்கே மண்வெட்டியில் இடிபடுகிறது.

1962-ல் ஜெனீவாவில் நடுநிலை நாடு என்று ஒப்புக்கொள்ளப்பட்ட லாவோஸ்மீது 1964 முதல் 1973 வரை ஏறத்தாழ 5,80,000 முறை பறந்து 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு வீசினார்கள் அமெரிக்கர்கள். எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் என்ற கணக்கில், இரவு பகலாக ஒன்பது ஆண்டுகள். அதில் கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறுகுண்டுகள் மட்டும் 27 கோடி. லாவோ மக்கள் 'பொம்பி' என்கிற இந்தச் சிறுகுண்டு டென்னிஸ் பந்து அளவுதான். விழும்போது சுழன்று, அந்தச் சுழற்சியில் தயாராகி, மோதியதும் வெடிக்க வேண்டும். சேற்றிலோ மரக்கிளையிலோ விழுந்தால் மோதலின் வேகம் போதாது. மூன்றில் ஒரு பங்குவரை வெடிக்காமல் தங்கின. சுமார் எட்டுக் கோடி.

அவை துருப்பிடித்துச் செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். உறை துருப்பிடிக்கும், உள்ளே வெடிமருந்து அப்படியே இருக்கும். அறுவடைக்குப்பின் தாளைக் கொளுத்தினாலும், வெறுந்தரையில் அடுப்பு மூட்டினாலும், சூடு இறங்கி அடியில் புதைந்தது வெடிக்கும். குழந்தைகள் பந்து என்றே எடுக்கிறார்கள். பழைய இரும்புக்கு விற்கலாம் என்று தோண்டிச் செத்த ஏழைகள் பலர். போர் முடிந்தபின் மட்டும் பாதிக்கப்பட்டோர் 20,000-க்கு மேல்.

அகற்றினால் என்ன என்பீர்கள். நிலத்தைக் கயிறு கட்டிப் பாத்திபோல் பிரித்து, உலோகங்காணும் கருவியால் அங்குலம் அங்குலமாகத் தேட வேண்டும். கருவி ஒலித்த இடத்தை மேலிருந்து குத்தக் கூடாது. பக்கவாட்டில் கையால் சுரண்டிப் போக வேண்டும். குண்டைத் தூக்கவும் கூடாது, புரட்டினாலே வெடிக்கலாம். கிடந்த இடத்திலேயே வெடிவைத்துத் தகர்ப்பார்கள். வேலையை இழுத்தடிப்பது குண்டைவிடத் தகரத் துண்டுகள்தான்: ஒவ்வொரு சில்லுக்கும் கருவி ஒலிக்கும், ஒவ்வொன்றையும் குண்டாகவே பாவித்துத் தோண்டியாக வேண்டும். குண்டு கிடக்கும் நிலத்தில் இதுவரை துப்புரவானது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சியாங் குவாங் மாகாணத்திலோ சவன்னகேத் மாகாணத்திலோ பள்ளிக்கூடத்துக்கு அடித்தளம் தோண்டுமுன் இந்தச் செலவு. விவசாயிக்கு நிலம் இருந்தும் கொத்தப் பயம். வறுமைக்கு வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கால் வைக்கவே அஞ்சும் மண்ணில் எதை விதைப்பது?

2016-ல்தான் ஓர் அமெரிக்க அதிபர், ஒபாமா, முதன்முதலாக அங்கே போனார். அகற்றும் பணிக்கு மூன்றாண்டுகளில் ஒன்பது கோடி டாலர் என்றார். கொத்துக் குண்டுத் தடை ஒப்பந்தத்தின் முதல் மாநாட்டை 2010-ல் தன் தலைநகர் வியன்டியானில் நடத்தியது லாவோஸ். குண்டு வீசிய நாடு இன்றுவரை அதில் கையெழுத்திடவில்லை. 2023 ஜூலையில் உக்ரைனுக்குக் கொத்துக் குண்டுகளை அனுப்ப முடிவும் எடுத்தது.